வீட்டை ஒழித்து வைத்தாலும் மறுபடி அடைசல் சேர்வது ஏன்?

சாளரம்:

வணக்கம். நீண்ட விடுமுறை வந்தால் நானும் கணவரும் அலமாரி, பரண், மேசை இழுப்பறை எல்லாவற்றையும் கீழே இறக்கி, வேண்டாததைக் கழித்து, துடைத்து, திரும்ப அடுக்கிவிடுவோம். அன்று சாயங்காலம் வீடு பார்க்கவே அவ்வளவு நன்றாக இருக்கும். அடுத்த விடுமுறை வருவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. சாப்பாட்டு மேசையில் பாதியைக் கடிதங்களும் சாவியும் மாத்திரை அட்டைகளும் சார்ஜரும் பிடித்துக்கொள்கின்றன. படுக்கையறை நாற்காலி துணி போடுவதற்கென்றே ஆகிவிட்டது.

நல்ல பழக்கங்களுக்கும் இதே கதிதான். காலையில் கொஞ்சம் உடற்பயிற்சி, ராத்திரி நேரத்தோடு தூக்கம், படுக்கையில் போன் பார்க்காமல் இருப்பது என்று உற்சாகமாக ஆரம்பிக்கிறோம். சில வாரங்களில் தேய்ந்துபோகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானோ என்று எனக்குப் படுகிறது.

வீட்டில் நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பெண், இரண்டு வயதுப் பையன், மாமியார். மாமியாருக்கு எதையும் வெளியே போட மனம் வராது. அவரை வருத்தப்படுத்தாமல் செய்ய வேண்டும். "எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்" என்பதைத் தவிர வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தச்சன்:

அலமாரி, சமையலறை அடுக்கு, படிப்பு மேசை செய்து கொடுப்பது என் தொழில். அளவெடுக்கப் பல வீடுகளுக்குப் போகிறேன். அடைசல் சேரும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் கைக்கு எட்டும் முதல் மேசை, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி, பிளக் பாயிண்ட் இருக்கும் மூலை. வெளியே போய்விட்டுக் களைத்து வருகிறவர் கையில் இருப்பதை எங்கே வைப்பார்? கை ஓயும் இடத்தில் வைப்பார்.

அதனால் அடுத்த முறை ஒழிப்பதற்கு முன்னால், சில நாள் அந்தச் சாப்பாட்டு மேசையை அப்படியே விட்டுப் பாருங்கள். அங்கே கிடக்கும் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு வந்திருக்கும். சாவி வந்தது, கதவுப் பக்கம் மாட்ட ஒரு கொக்கி இல்லாததால். சார்ஜர் வந்தது, வசதியான பிளக் அங்கே மட்டும் இருப்பதால். மாத்திரை சாப்பாட்டோடு போடுவது, அது அங்கே இருப்பதுதான் சரி. பையன் கைக்கு எட்டாத உயரத்தில், அந்த மேசையை ஒட்டியே ஒரு மூடிய பெட்டி கொடுத்துவிட்டால் போதும். கடிதம் கிடப்பது அதைப் பற்றி யாரும் இன்னும் முடிவு எடுக்காததால். இத்தனை காரணங்களையும் அப்படியே விட்டுவிட்டு மேசையை மட்டும் துடைத்தால், அடுத்த நாளே அதே பொருள்கள் அதே காரணங்களுக்காக வந்து சேரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பொருளை எடுக்கும்போது நமக்கு அது தேவைப்படுகிறது. அதனால் கதவைத் திறந்து, மேலே இருக்கும் பெட்டியை நகர்த்தி, மூடியைக் கழற்றிக்கூட எடுத்துவிடுவோம். திரும்ப வைக்கும்போது அந்தத் தேவை முடிந்துவிட்டது, அத்தனை வேலைக்கும் உடம்பு வணங்காது. நான் அடுக்கு போடும்போது எடுக்கும் வசதியை விட, திரும்ப வைக்கும் வசதியைத்தான் முதலில் பார்ப்பேன். தினமும் புழங்குவது முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில், ஒரே அசைவில் வைக்கும்படி. கனமானது இடுப்புக்குக் கீழே. தலைக்கு மேலே இருப்பது எப்போதாவது தேவைப்படுவது மட்டும்.

ஆழமான அடுக்கையும் தவிர்க்கப் பாருங்கள். ஹேங்கரில் துணி மாட்டும் அலமாரிக்கு 60 செ.மீ. ஆழம் வேண்டும். மடித்த துணிக்கு 40 செ.மீ. தாராளம். டப்பாக்களுக்கு 30 போதும். அதற்கு மேல் ஆழம் இருந்தால் பின்வரிசையில் போனது கண்ணுக்கு மறைந்துவிடும். வீட்டில் இருப்பதையே மறந்து இன்னொன்று வாங்குவது இப்படித்தான் நடக்கிறது.

நிழல்மரம்:

உளவியல் பாடம் நடத்துகிறேன். சாளரம், இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானோ என்று கேட்டீர்களே, பெரும்பாலும் ஆமாம். தச்சன் பொருளைப் பற்றிச் சொன்னது பழக்கத்துக்கும் அப்படியே பொருந்தும்.

வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்று ஆட்களை மணிக்கொரு தரம் குறித்துவைக்கச் சொன்னார்கள். அன்றாடச் செயல்களில் ஏறக்குறைய 43 சதவீதம், வழக்கமாகச் செய்யும் அதே இடத்தில், மனம் வேறெங்கோ இருக்கும்போது நடப்பவை. நம் நாளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானதை இடமும் நேரமும்தான் நடத்துகின்றன. மன உறுதியை மட்டும் நம்பி ஆரம்பிக்கும் பழக்கம் தேய்ந்துபோவதற்குப் பெரிய காரணம் இது. போன் தலையணைப் பக்கம் இருக்கும்வரை படுத்ததும் கை அங்கேதான் போகும்.

அடுத்தது, 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதில் இருந்து கிளம்பியது அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகம் பழகிப்போக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பது அவர் கவனித்தது. "குறைந்தது" என்பது வாய்வழியாகப் பரவும்போது உதிர்ந்துவிட்டது. உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி குழுவினர். 96 பேர், 12 வாரம், ஆளுக்கொரு புதிய பழக்கம். அது தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. மூன்றாவது வாரத்தில் இன்னும் சிரமமாக இருக்கிறதே என்று நிறுத்திவிடும் பலரிடம் இதைத்தான் சொல்ல நினைப்பேன். உங்களிடம் எந்தக் குறையும் இல்லை, நேரம் இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

நடைமுறையில் எப்படி? "உடற்பயிற்சி செய்வேன்" என்று முடிவெடுப்பதைவிட "பல் துலக்கி முடித்ததும் பயிற்சி விரிப்பில் போய் நிற்பேன்" என்று முடிவெடுங்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டால் அந்தக் காரியம் நடக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. அந்த விரிப்பும் எங்கோ பரணில் சுருட்டிக் கிடக்காமல், பல் துலக்கிவிட்டு வரும் வழியில் இருக்க வேண்டும். இந்த இடத்தில் வீட்டை ஒழிப்பதும் பழக்கமும் ஒரே வேலையாகிவிடுகின்றன.

பழையபேனா:

எல்லாம் சரி, ஆனால் ஒரு எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். கொஞ்ச காலமாக எங்கே பார்த்தாலும் வெறுமையாக இருக்கும் வெள்ளை அறைப் படங்கள். அதைப் பார்த்துவிட்டு நல்ல பொருளை எல்லாம் வெளியே போடுகிறார்கள், அப்புறம் தேவைப்படும்போது புதிதாக வாங்குகிறார்கள். என் தலைமுறையில் ஒரு பெட்டி நிறைய திருகாணி வைத்திருப்பவர் ஊதாரி ஆகாமல் பிழைத்தவர். "இருக்கட்டும், உதவும்" என்று வைத்தது பல நேரம் உதவியும் இருக்கிறது. உடைந்த ரேடியோக்களைக்கூட அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வெளியே போட்டதும் பொருள் மறைந்துவிடுவதில்லை. உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். என் வீட்டைக் காலி செய்ய இன்னொருவர் குடியிருக்கும் இடத்தைக் குப்பை மேடாக்குவது எனக்குச் சம்மதமில்லை.

நிழல்மரம்:

பழையபேனா ஐயா, உங்கள் எதிர்ப்பில் முக்கால்வாசியை நானும் ஏற்கிறேன். ஆனால் "உதவும்" என்ற உணர்வு எவ்வளவு நம்பகமானது என்று பார்க்க வேண்டும். டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கையில் வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. அதை விற்க அவர்கள் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம்முடையது என்று ஆனதுமே மதிப்பு ஏறிவிடுகிறது.

அதனால் "இது உதவுமா?" என்று கேட்டால் எதற்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். "இது என்னிடம் இல்லையென்றால் இன்று தேடிப்போய் வாங்குவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். திருகாணிப் பெட்டிக்கு நீங்கள் வாங்குவேன் என்பீர்கள், அது இருக்கட்டும். உடைந்த ரேடியோக்களுக்கு அதையே சொல்வீர்களா?

பழையபேனா:

கேள்வி நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் செல்லாது. என் அப்பாவின் மூக்குக் கண்ணாடியை நான் எந்தக் கடையிலும் தேடிப்போய் வாங்க மாட்டேன். அதற்காக அதை வெளியே போட முடியுமா?

மழைக்குருவி:

பழையபேனா சொன்னது எனக்கு நேராக வந்து பட்டது. நான் வெளியூர் போயிருந்தபோது என் வீட்டார் "உனக்கு உதவியாக இருக்கட்டும்" என்று என் அறையை ஒழித்தார்கள். என் அப்பா எனக்கு எழுதிய கடிதங்கள் இருந்த அட்டைப்பெட்டி பழைய பேப்பரோடு போய்விட்டது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அந்தக் கடிதங்கள் திரும்பி வரப்போவதில்லை. அதற்குப் பிறகு நீண்ட காலம் நான் எதையும் வெளியே விடவில்லை, அறையைப் பூட்டி வைத்தேன்.

அதனால் சாளரத்துக்கு நான் சொல்லும் முதல் விதி: அடுத்தவர் பொருளை அவர் கண் முன்னால், அவர் கையால், அவர் முடிவால் மட்டுமே கழிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் பொருளாக இருந்தாலும் சரி. உங்கள் மாமியாருடைய துணிப்பை ஒன்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவர் வெளியே போடாமல் வைத்திருப்பதில் பாதி, யாரும் கேட்டால் சொல்லக் காத்திருக்கும் கதையாக இருக்கலாம். உட்கார்ந்து கேளுங்கள். நிறைய நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்க முடியாதென்றால் அவர் பொருளைத் தொடாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி விடுதிகளில் பழைய பொருள் சேகரித்தார்கள். சில விடுதிகளில் "நினைவுப் பொருளைக் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிப் போட்டார்கள். அங்கே 613 பொருள்கள் வந்தன, அப்படிச் சொல்லாத விடுதிகளில் 533. படம் எடுத்துவிட்டால் நினைவு கையில் இருக்கிறது என்ற தைரியம் வருகிறது. என் அத்தை ஒருவர் இப்படித்தான் படத்துக்குப் பின்னால் யாருடையது, எப்போது வந்தது என்று எழுதி ஒரு தொகுப்பே வைத்திருக்கிறார். பொருள்களில் பலதை அவரே தேடித்தேடி உரியவர்களுக்குக் கொடுத்தார். ஆனால் இதையும் அவரே விரும்பினால்தான்.

சாளரம்:

மழைக்குருவி, கடிதங்கள் போனதைப் படித்ததும் மனம் கனத்தது. நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்.

ஒரு சந்தேகம். மாமியார் பொருளைத் தொடக்கூடாது என்பது சரி. ஆனால் அவர் அறையில் கட்டிலைச் சுற்றித் தரையிலேயே பைகள் இருக்கின்றன. ராத்திரி அவர் எழுந்து போகும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

இரவுப்பணி:

நான் செவிலியர், பெரும்பாலும் ராத்திரி டியூட்டி. உங்கள் பயம் மிகச் சரியானது அக்கா. இந்த இழையில் அவசரமான விஷயம் என்றால் இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கீழே விழுவதால் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான், அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைத் தாண்டியவர்கள். பிழைத்தவர்களிலும் இடுப்பெலும்பு முறிந்து, அதற்குப் பிறகு பழையபடி நடமாட முடியாமல் போகிறவர்கள் பலர்.

அதனால் பொருளைப் பற்றிப் பேசவே வேண்டாம், பாதையைப் பற்றிப் பேசுங்கள். "அத்தை, எதையும் வெளியே போடவில்லை. கட்டிலில் இருந்து கழிவறை வரை மட்டும் தரையில் ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்வோம், பைகளை எங்கே வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் யாரும் அவர்கள் பொருளைப் பறிக்கவில்லை. அந்தப் பாதையில் வயர், நழுவும் மிதியடி, ஓரம் மடங்கிய விரிப்பு எதுவும் வேண்டாம். ராத்திரி எரியும் சிறிய விளக்கு ஒன்று, கை எட்டும் இடத்தில் கண்ணாடி, தண்ணீர். தலைக்கு மேலே இருக்கும் எதையும் அவர் நாற்காலி போட்டு ஏறி எடுக்கும் நிலை வரக்கூடாது.

மாத்திரைகள் பற்றி: குளியலறையில் வைக்காதீர்கள், ஈரத்தில் கெட்டுப்போகும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல், வெயில் படாமல், உலர்ந்த இடத்தில் இருக்கட்டும். அட்டையில் இருந்து பிரித்து வேறு டப்பாவில் கொட்டி வைத்தால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். மிச்சமான ஆன்டிபயாடிக்கை "அடுத்த முறைக்கு உதவும்" என்று எடுத்து வைப்பது எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. பழையபேனா ஐயா, திருகாணி விஷயத்தில் நான் உங்கள் பக்கம், மருந்து விஷயத்தில் இல்லை. காலாவதியானவற்றைக் கழிவறையில் ஊற்றாமல், பழைய மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்று மருந்துக் கடையில் கேட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் சொல்லியாக வேண்டும். படுக்கவும் சமைக்கவும் இடமில்லாத அளவுக்குப் பொருள் சேர்ந்து, எதை எடுத்தாலும் தாங்க முடியாத துயரம் வருகிறது என்றால் அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் அதைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்டவரின் வீட்டை ஒரே நாளில் வலுக்கட்டாயமாகக் காலி செய்வது அவரை இன்னும் மோசமாக்கும். சோம்பேறி என்று ஏசுவதும் அப்படியே. உங்கள் மாமியார் அந்த நிலையில் இருப்பதாக நீங்கள் எழுதியதில் இருந்து எனக்குத் தோன்றவில்லை.

ஏழாம்படி:

நான் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். என் வழி எளிது. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். புதுச் சட்டை வந்தால் பழைய சட்டை போகும். அப்புறம், ஒரே மாதிரியான மூடி போட்ட பெட்டிகள் வாங்கி, பெயர் எழுதி ஒட்டி, எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டேன். அறை சுத்தமாக இருக்கிறது.

தச்சன்:

தம்பி, முதல் விதி அருமை. பெட்டி விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பெட்டியை முதலில் வாங்கக் கூடாது, கடைசியில்தான் வாங்க வேண்டும். காலிப் பெட்டி இருந்தால் அதை நிரப்பப் பொருள் தானாக வரும். பெட்டிக்குள் போனதைப் பற்றி முடிவெடுக்கவும் யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் வெளியே பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. என்னிடம் இன்னொரு அலமாரி வேண்டும் என்று வருகிறவர்களை நான் முதலில் இருக்கும் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்வேன். பாதிப் பேருக்கு அலமாரி தேவைப்படுவதில்லை. எனக்கு அதில் வேலை போகிறது, போகட்டும்.

தினமும் தொடுவதற்கு மூடி வேண்டாம். மூடி, தூசி படக்கூடாத, எப்போதாவது எடுக்கும் பொருளுக்கு.

நிழல்மரம்:

தச்சன் சொல்வதற்குப் பழைய சான்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோவுக்கு யாரோ அழகான அங்கி ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அதன் பக்கத்தில் மேசை மட்டமாகத் தெரிந்தது, மேசையை மாற்றினார். அப்புறம் நாற்காலி, அப்புறம் சுவரில் இருந்த படங்கள். பழைய அங்கிக்கு நான் எஜமானனாக இருந்தேன், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்று அவரே வருந்தி எழுதினார். ஒரு பொருள் தனக்குப் பொருந்தும் மற்ற பொருள்களை இழுத்துக்கொண்டு வரும் இந்தப் போக்குக்கு 1988-இல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் திதரோ விளைவு என்று பெயர் வைத்தார். எனவே ஒழிப்பதில் செலவழிக்கும் கவனத்தில் கொஞ்சத்தை, வாசலில் உள்ளே வருவதைப் பார்ப்பதில் செலவழித்தால் நல்லது. இலவசமாக வருவதற்கும் வீட்டில் இடம் வேண்டும்.

சாளரம்:

ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்பது பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எப்படி நடக்கும்? அவர்களுக்கு நாங்கள் வாங்குவதைவிட மற்றவர்கள் கொடுப்பது அதிகம். வாங்க மாட்டோம் என்று சொன்னால் உறவுகள் வருத்தப்படுவார்கள். இரண்டு வயதுப் பையன் பொம்மைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு எதோடும் விளையாடாமல் என் காலைச் சுற்றி வருகிறான்.

மழைக்குருவி:

அந்தக் கடைசி வரியை வைத்தே சொல்கிறேன். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட உங்கள் பையன் வயதுதான். ஒருமுறை நான்கு பொம்மைகள், இன்னொரு முறை பதினாறு. நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடின. பதினாறு இருந்தபோது ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குத் தாவின.

நாங்கள் பின்பற்றுவது இதுதான். பொம்மைகளைச் சில பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கு மட்டும் வெளியே, மற்றவை கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஆர்வம் குறையும்போது மாற்றுவோம். பழையதே புதிதாகத் தெரியும். எதையும் வெளியே போடத் தேவையில்லை, யாரும் வருத்தப்படவும் இல்லை. வளர்ந்துவிட்டதால் தொடாமல் போனவற்றை மட்டும், பெரியவளிடம் கேட்டு, அவள் கையாலேயே தெரிந்த சின்னக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டு அவள் நிமிர்ந்து வரும் அழகே தனி.

உறவுகள் என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் பதில் தயாராக வைத்திருங்கள். தீர்ந்துபோகும் பொருள், அல்லது பிள்ளையோடு ஒரு நாள் வெளியே போவது. கேட்பவர்களுக்கே அது நிம்மதி.

பழையபேனா:

என் உடைந்த ரேடியோக்கள் பற்றி நிழல்மரம் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. யோசித்தேன். பழுது பார்க்க வேண்டியவற்றை ஓர் அடுக்கில் மட்டும் வைப்பது என்று இப்போது ஏற்பாடு. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: என்ன பழுது, எந்த உதிரிப் பாகம் வேண்டும். அந்த அடுக்கு நிறைந்தால் ஒன்றைச் சரி செய்தாக வேண்டும், அல்லது உதிரிக்காகத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாக வேண்டும். இதில் எனக்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை. சீட்டு எழுதும்போதே எதைச் சரி செய்யவே முடியாது என்று தெரிந்துவிடுகிறது.

யாராவது வீட்டில் பழைய போன்களை இழுப்பறையில் வைத்திருந்தால் உடனே பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், சாதாரணக் குப்பையிலும் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். உலோகமும் எரியும் பொருளும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். எந்தச் சாதனத்துக்கு உரியது என்று தெரியாத வயர்களுக்கும் பெயர்ச் சீட்டு கட்டுங்கள். பெயர் தெரியாதது மட்டும் போகட்டும்.

ஏழாம்படி:

காகிதத்துக்கு யாராவது வழி சொல்லுங்கள். பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன், ஆனால் தேடும்போது கிடைப்பதில்லை.

நிழல்மரம்:

காகிதம் மூன்று வகைதான். செய்ய வேண்டியது, வைத்திருக்க வேண்டியது, படித்து முடித்தது. மூன்றாவது அன்றே வெளியே. முதல் வகை கண்ணில் படும்படி நிமிர்ந்து நிற்கட்டும், படுக்க வைத்தால் அடியில் போய்விடும். சான்றிதழ், பத்திரம், மருத்துவ அறிக்கை போன்றவற்றின் மூலப்பிரதி ஒரே கோப்பில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். கடை ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருகின்றன, சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடும். உத்தரவாதத்துக்குத் தேவை என்றால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

இந்தக் காகிதக் கட்டு மனத்தையும் அழுத்துகிறது. கலிபோர்னியாவில் சாக்ஸ்பி, ரெப்பெட்டி என்ற இரு உளவியலாளர்கள் பிள்ளைகள் உள்ள, இருவரும் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளிடம், தங்கள் வீட்டைத் தாங்களே சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். "இறைந்து கிடக்கிறது, இன்னும் முடிக்கவில்லை" என்ற தொனியில் அதிகம் பேசிய மனைவியருக்கு, காலையில் இருந்து மாலைக்குள் இறங்க வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை, மனச்சோர்வும் கூடியது. கணவர்களிடம் இது அந்த அளவுக்குத் தெரியவில்லை. அடைசல்தான் நேரடிக் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சாளரம், உங்கள் வீட்டில் "இன்னும் முடிக்கவில்லை" என்ற பட்டியல் யார் தலைக்குள் ஓடுகிறது என்று கணவரோடு பேசிப் பாருங்கள். ஒழிக்கும் வேலையைப் பகிர்வது வேறு, நினைவில் வைத்திருக்கும் வேலையைப் பகிர்வது வேறு.

சாளரம்:

அதைப் பேசினோம். காகிதமும் மருந்துத் தேதி பார்ப்பதும் இனி முழுக்க அவர் பொறுப்பு. நான் நினைவூட்டப் போவதில்லை, அவரே அப்படிக் கேட்டுக்கொண்டார். கதவுப் பக்கம் கொக்கி வந்துவிட்டது, சாவி மேசைக்கு வருவது நின்றுவிட்டது. போன்கள் ராத்திரி கூடத்தில் சார்ஜ் ஆகின்றன. எழுப்புவதற்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கினோம். படுக்கையறை நாற்காலியை வெளியே எடுத்துவிட்டு, ஒரு முறை உடுத்திய துணிக்கென்று சுவரில் நான்கு கொக்கிகள். துவைக்க வேண்டியதற்கு மூடி இல்லாத கூடை.

மாமியார் பாதையை உடனே ஒப்புக்கொண்டார். பைகள் அவருக்கென்றே ஓர் அலமாரிக்குப் போயின. அதை அவரைத் தவிர யாரும் திறப்பதில்லை என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டோம். அடுக்கும்போது அவராகவே சில துணிகளை எடுத்து இது வேண்டாம் என்றார். நாங்கள் கேட்கவே இல்லை.

இரவுப்பணி, ஒரு கேள்வி பாக்கி. அவரோடு மாலையில் நடக்க ஆரம்பித்திருக்கிறேன். பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அவரால் முடியாது.

இரவுப்பணி:

முடியாவிட்டால் கவலையே வேண்டாம் அக்கா. பத்தாயிரம் என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரில் இருந்து வந்த எண். மருத்துவக் கணக்கு இல்லை. சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கு மரண அபாயம் நன்றாகவே குறைவு. 7,500-க்குப் பிறகு கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. அவர் இப்போது நடப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் இலக்கு. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உங்களுக்கும் கணவருக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் கணக்குதான். நடைச் செருப்பு கதவுப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தச்சன்:

சாளரம், பெரியவளுக்கும் கதவுப் பக்கம் ஒரு கொக்கி அடித்துவிடுங்கள், அவள் தோள் உயரத்துக்கு. பள்ளிப் பை தரையில் கிடப்பது நிற்கும். கனமான பை என்பதால் ஒட்டும் கொக்கி தாங்காது, துளை போட்டுத் திருகாணி முடுக்குங்கள். ஒரு சாண் இடைவெளி விட்டு மேலே இன்னொரு துளையும் இப்போதே போட்டு வைத்தால், அவள் வளர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.